அண்ணிக்கு ஜிஇடியா, பெரியவர்களுக்கான பள்ளியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. அண்ணிக்கு 38 வயது. பாளையங்கோட்டைப் பக்கம் தமிழ் வழியில் படித்துப் பத்தாவது தேறியவர். பிளஸ் ஒன் பாதியில் கல்யாணம், அதோடு படிப்பு நின்றுவிட்டது. கிரீன் கார்டில் நியூ ஜெர்சி வந்து, ஒரு மளிகைக் கடையில் பேக்கிங் வேலை பார்க்கிறார். நர்ஸ் ஆக வேண்டும் என்பது ஆசை. எங்கே போனாலும் ஹைஸ்கூல் டிப்ளோமா கேட்கிறார்கள். ஹைஸ்கூல் டிப்ளோமாவுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படும் ஜிஇடி தேர்வு எழுதுவதா, பெரியவர்களுக்கான ஹைஸ்கூலில் சேர்ந்து படிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். “ஜிஇடி செல்லாக்காசு” என்று யாரோ சொன்னது வேறு உங்களைக் குழப்பியிருக்கிறது. எந்தக் காகிதத்துக்கு மதிப்பு என்பதைவிட, இருபது வருடமாகப் புத்தகம் பக்கம் போகாத ஒருவர் எந்த வழியில் போனால் பாதியில் நிற்காமல் கரை சேருவார் என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எனக்குப் படுகிறது. இங்கே மாலை நேர வகுப்புகளில் பெரியவர்களுக்குப் பல வருடங்களாகக் கணக்கு சொல்லித் தருகிறேன். அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

முதலில், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. ஊரில் பிளஸ் டூ பாஸ் செய்தவர்களுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. இலங்கையில் ஏ.எல். முடித்தவர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். மதிப்பெண் பட்டியலை ஒரு சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, அமெரிக்க ஹைஸ்கூல் டிப்ளோமாவுக்குச் சமம் என்று எழுதி வாங்கினால் போதும். கல்லூரிகள் பொதுவாக நேசஸ் என்ற கூட்டமைப்பில் உள்ள நிறுவனங்களின் அறிக்கையை ஏற்கின்றன. டபிள்யூஇஎஸ் அவற்றில் ஒன்று. பிளஸ் டூ சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஜிஇடி வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அண்ணி பிளஸ் டூ வரை போகவில்லை என்பதால் இந்தக் கதவு அவருக்கு இல்லை. ஆனால் பத்தாவது மார்க் ஷீட் பத்திரமாக இருக்கட்டும். அதற்கு வேலை வரும்.

இரண்டு வழிக்கும் உள்ள அடிப்படை வித்தியாசத்தைப் பார்ப்போம். ஜிஇடி 1942ல், போருக்குப் போனதால் பள்ளிப் படிப்பு நின்றுபோன சிப்பாய்களுக்காகத் தொடங்கிய தேர்வு. நீங்கள் எங்கே படித்தீர்கள், எத்தனை வகுப்பு போனீர்கள் என்று அது கேட்பதில்லை. இன்றைக்கு உங்களுக்கு என்ன தெரியும் என்று மட்டும்தான் பார்க்கிறது. ஹைசெட் என்று இன்னொரு தேர்வும் உண்டு, நியூ ஜெர்சியில் இரண்டில் எதையும் எழுதலாம். மூன்றாவதாக இருந்த டாஸ்க் 2021 கடைசியோடு நின்றுவிட்டது, பழைய பதிவுகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் தாண்டிப் போங்கள். பெரியவர்களுக்கான ஹைஸ்கூல் இதற்கு நேர் எதிர். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வாங்கும் அதே டிப்ளோமாவைப் பாடம் பாடமாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் தரும் கிரெடிட் என்ற புள்ளிகளைச் சேர்த்து வாங்க வேண்டும். நியூ ஜெர்சியில் அதற்கு 120 கிரெடிட். ஏற்கெனவே படித்ததற்குக் கிரெடிட் கொடுக்கும் வழக்கம் இருப்பதால் அந்தப் பத்தாவது மார்க் ஷீட் அங்கே உதவும். எவ்வளவு கொடுப்பார்கள் என்பது அந்தப் பள்ளியின் முடிவு. கணக்கு, அறிவியலுக்குக் கொஞ்சம் தாராளமாகக் கொடுப்பார்கள். ஆங்கிலத்துக்கும் அமெரிக்க வரலாற்றுக்கும் எதிர்பார்க்க வேண்டாம்.

“செல்லாக்காசு” விஷயத்துக்கு வருகிறேன். நியூ ஜெர்சியைப் பொறுத்தவரை அது தவறு. இங்கே ஜிஇடி தேறினால் மாநிலக் கல்வித் துறையே தன் பெயரில் ஹைஸ்கூல் டிப்ளோமா கொடுக்கிறது. கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருடக் கல்லூரி ஏற்கும், மத்திய அரசின் பெல் கிராண்ட் உதவித்தொகைக்கு ஏற்கும், எல்பிஎன் என்ற நர்ஸிங் படிப்புக்கு ஏற்கும். ஜிஇடி உண்மையிலேயே தடுக்கும் இடங்கள் சில உண்டு. ராணுவம் டிப்ளோமாக்காரர்களை முதல் வரிசையிலும் ஜிஇடிக்காரர்களை இரண்டாம் வரிசையிலும் வைக்கிறது. இரண்டாம் வரிசைக்கு இடம் குறைவு, நுழைவுத் தேர்வில் கேட்கும் மதிப்பெண்ணும் அதிகம். கல்லூரியில் 15 கிரெடிட் முடித்தால் முதல் வரிசைக்கு வந்துவிடலாம். இன்னொன்று, கிரீன் கார்டு லாட்டரி என்று நம் ஆட்கள் சொல்லும் டைவர்சிட்டி விசாவுக்குக் கேட்கும் கல்வித் தகுதியில் ஜிஇடி செல்லாது என்று வெளியுறவுத் துறையே எழுதிவைத்திருக்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த லாட்டரி இல்லை என்பதால் உங்களுக்குக் கவலையில்லை, இலங்கைத் தமிழர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? அது வெறும் வம்பு இல்லை, பின்னால் ஆய்வு இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடைய கூட்டாளிகளும் 1990களில் இருந்து இதைத் தோண்டியிருக்கிறார்கள். ஜிஇடி மட்டும் வாங்கிவிட்டு மேலே படிக்காதவர்களின் சம்பளம், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களின் சம்பளத்தைவிடப் பெரிதாக உயரவில்லை என்பது அவர்கள் கண்டது. கல்லூரியில் சேரும் ஜிஇடிக்காரர்களில் நிறையப் பேர் சில செமஸ்டர்களில் நின்றுவிடுகிறார்கள் என்பதும் உறுதியாகத் தெரிந்த விஷயம். ஆனால் அந்த முடிவுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே பிறந்து, அமெரிக்கப் பள்ளியைப் பாதியில் விட்டவர்களைப் பற்றியவை. அவர்களில் பலருக்குப் பள்ளி நின்றதற்கான காரணங்கள் பின்னால் வேலையிலும் துரத்தின. கல்யாணம் ஆகிப் படிப்பு நின்ற பெண்ணோடு அவர்களை ஒரே தராசில் வைக்க முடியாது. வெளிநாட்டிலேயே முழுப் படிப்பையும் படித்துவிட்டு இங்கே வந்து ஜிஇடி வாங்கிய ஆண்களுக்குச் சம்பளம் தெளிவாக உயர்ந்தது என்று 2006ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆண்கள் என்பதைக் கவனியுங்கள். அதை அப்படியே அண்ணிக்குப் பொருத்திப் பார்ப்பது ஊகம்தான்.

பெரியவர்களுக்கான பள்ளி பற்றியும் நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. 2010ல் இண்டியானாபொலிஸில் குட்வில் அமைப்பு தொடங்கிய எக்செல் சென்டர் என்ற பள்ளி, பெரியவர்களுக்கு மட்டுமே. கட்டணம் இல்லை, எட்டு வாரத்துக்கு ஒரு பருவம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள பள்ளிக்குள்ளேயே இடம், படிப்பு நின்றுபோகாமல் தொடர்ந்து பேச ஒரு வழிகாட்டி, போக்குவரத்துக்கு உதவி எல்லாம் உண்டு. அங்கே விண்ணப்பித்தவர்களை நாட்டர் டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். படித்து முடித்தவர்களின் வருமானம் ஐந்து வருடத்தில், முடிக்காத மற்றவர்களோடு ஒப்பிட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. முடித்தவர்கள் இயல்பிலேயே முனைப்பு அதிகம் உள்ளவர்களாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை இந்த மாதிரி ஆய்வுகளில் முழுதாகத் துடைத்துவிட முடியாது. இருந்தாலும் என் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது. வகுப்பில் இருந்து ஆட்கள் காணாமல் போவதற்குப் பாடம் கஷ்டம் என்பது அபூர்வமான காரணம். ஷிஃப்ட் மாறிவிட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல், கார் இல்லை, மாமியாருக்கு ஆபரேஷன் என்றுதான் வரும். எக்செல் சென்டர் நியூ ஜெர்சியில் இல்லை. ஆனால் உங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், உள்ள பள்ளியை எடைபோட அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு என்ன வழி, வகுப்பு தவறினால் என்ன வழி என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி தேர்வுக்குள் போவோம், அண்ணியின் சிக்கல் எங்கே வரும் என்பது அங்கேதான் தெரியும். ஜிஇடியில் நான்கு பாடம்: கணக்கு, மொழி, அறிவியல், சமூக அறிவியல். ஒவ்வொன்றும் 100 முதல் 200 வரை மதிப்பெண், 145 எடுத்தால் பாஸ். ஒரே நாளில் எல்லாம் எழுத வேண்டியதில்லை, ஒவ்வொன்றாக எழுதலாம். கட்டணம் பெரும்பாலான மாநிலங்களில் பாடத்துக்கு முப்பது, நாற்பது டாலர் அளவில். எல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

கணக்கில் நம் ஊர்ப் பத்தாவது நல்ல பலம். இருபது வருடம் ஆனாலும் காரணிப்படுத்துவது கை மறக்காது. பாதிக்கு மேல் அல்ஜீப்ராதான், சூத்திரத் தாள் அவர்களே தருகிறார்கள், முதல் ஐந்து கேள்வி தவிர மற்றதுக்குக் கால்குலேட்டரும் உண்டு. விழுவது வேறிடத்தில். ஒரு மாதிரிக் கணக்கு: 12 அடிக்கு 15 அடி அறை, சுவர் உயரம் 8 அடி, ஒரு கேலன் பெயின்ட் 350 சதுர அடிக்கு வரும், நான்கு சுவருக்கும் எத்தனை கேலன் வாங்க வேண்டும்? சுற்றளவு 54, அதை எட்டால் பெருக்கினால் 432, அதை 350ஆல் வகுத்தால் 1.23 என்று சரியாகப் போட்டுவிடுவார்கள். பிறகு பள்ளிப் பழக்கத்தில் முழுமையாக்கி 1 என்று விடையைத் தட்டுவார்கள். கடையில் போய் 1.23 கேலன் வாங்க முடியாது, ஒன்று வாங்கினால் சுவர் பாதியில் நிற்கும். விடை 2. கேள்வியை ஆங்கிலத்தில் வாசித்து, அது என்ன கேட்கிறது என்று பிடிப்பதுதான் அங்கே சோதனை. அவுன்ஸ், பவுண்டு, அங்குலம் பழகவும் கொஞ்ச நாள் ஆகும்.

மொழித்தாள்தான் மலை. இரண்டரை மணி நேரம், வாசிப்பே நிறைய. பெரும்பகுதி கதை இல்லை, கட்டுரைகள், வேலையிடத்துக் கடிதங்கள், பழைய அரசியல் உரைகள். நடுவில் 45 நிமிடத்தில் ஒரு கட்டுரை டைப் செய்ய வேண்டும். இதில் நம் ஆட்கள் எல்லாரும் ஒரே குழியில் விழுகிறார்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று அழகாக, தன் கருத்தை எழுதுவார்கள். ஜிஇடி கேட்பது அதுவே இல்லை. ஒரே விஷயத்தில் எதிரெதிராகப் பேசும் இரண்டு பத்திகளைக் கொடுத்து, எந்தத் தரப்பு ஆதாரத்தோடு பேசுகிறது, எது சும்மா அடித்துவிடுகிறது என்று காட்டச் சொல்கிறது. உங்களுக்கு அந்த விஷயத்தில் என்ன அபிப்பிராயம் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. தினச்சம்பளத்தை உயர்த்தலாமா என்று கேட்டால் அண்ணிக்குச் சொல்ல ஆயிரம் இருக்கும், அதை ஓரமாக வைத்துவிட்டு, முதல் பத்தியில் புள்ளிவிவரம் இருக்கிறது, இரண்டாவதில் ஒரு தனிநபர் அனுபவம் மட்டும்தான் இருக்கிறது என்று எழுதப் பழக வேண்டும். இதைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது கடினம். எழுதியதை ஒருவர் படித்துத் திருத்தித் தர வேண்டும். யூடியூபால் அது ஆகாது.

சமூக அறிவியலில் பாதி அமெரிக்க அரசமைப்பும் ஆட்சிமுறையும். குடியுரிமைத் தேர்வுக்கு எப்படியும் படிக்கப் போகிறார் என்றால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அறிவியல் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, படமும் அட்டவணையும் வாசிக்கத் தெரிந்தால் போதும், மனப்பாடம் குறைவு.

நர்ஸ் ஆசைக்கு வருவோம். நர்ஸிங் ஹோமில் உதவியாளராக வேலை பார்க்கும் சிஎன்ஏ பயிற்சிக்குப் பல மாநிலங்களில் ஹைஸ்கூல் டிப்ளோமாவே கேட்பதில்லை. மத்திய அரசின் குறைந்தபட்ச அளவு 75 மணி நேரப் பயிற்சி, மாநிலங்கள் அதற்கு மேலே வைத்துக்கொள்ளலாம். அதனால் டிப்ளோமா வரும் வரை காத்திருக்காமல், படித்துக்கொண்டே மளிகைக் கடையில் இருந்து அந்த வேலைக்கு மாறிவிட முடியுமா என்று உங்கள் கவுண்டியில் விசாரியுங்கள். மேலே எல்பிஎன் சுமார் ஒரு வருடம், அதற்கும் மேலே முழு நர்ஸ் ஆகும் ஆர்என் படிப்பு கம்யூனிட்டி காலேஜில் பெயரளவுக்கு இரண்டு வருடம். இரண்டுக்கும் டிப்ளோமா அல்லது அதற்குச் சமமானது வேண்டும். பல கல்லூரிகள் டீஸ் என்ற நுழைவுத் தேர்வும் வைக்கின்றன. உடற்கூறியல் பாடம் ஆங்கிலப் புத்தகத்தில் வாரம் ஒரு அத்தியாயம் ஓடும். ஜிஇடியை 145ல் தட்டுத் தடுமாறித் தாண்டியவர் அங்கே திணறுவார். 165க்கு மேல் எடுத்தால் கல்லூரிக்குத் தயார் என்று ஜிஇடியே முத்திரை போடுகிறது. அண்ணி வைக்க வேண்டிய குறி அது.

இதையெல்லாம் வைத்து என் கருத்து: அண்ணிக்கு இரண்டு காகிதமும் ஒரே கதவைத்தான் திறக்கும். அதனால் காகிதத்துக்காகப் பள்ளியில் சேர வேண்டியதில்லை, ஆங்கிலத்துக்காக வகுப்பறைக்குப் போக வேண்டும். ஜிஇடி எழுதட்டும், ஆனால் வீட்டில் புத்தகம் வாங்கி வைத்து வேண்டாம், பெரியவர் கல்வி வகுப்பில் சேர்ந்து எழுதட்டும். அரசுப் பணத்தில் நடக்கும் வகுப்புகள் பெரும்பாலும் இலவசம். சேரும்போது டேபி அல்லது காசாஸ் என்ற நிலைத் தேர்வு வைப்பார்கள். அதன் முடிவைப் பார்க்காமல் எத்தனை மாதம் ஆகும் என்று என்னால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். வாசிப்பு எட்டாம் வகுப்பு அளவுக்குக் கீழே வந்தால் முதலில் ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பு, அதில் அவமானப்பட ஒன்றும் இல்லை. ஒரு விதிவிலக்கு சொல்வேன். பக்கத்தில், பஸ்ஸில் போகும் தூரத்தில், பெரியவர்களுக்கான ஹைஸ்கூல் இருந்து, அவர்கள் பத்தாவது மார்க் ஷீட்டுக்குப் பாதிக்குப் பக்கத்தில் கிரெடிட் கொடுத்தால் அதையே எடுக்கலாம். தேர்வு என்றாலே கை நடுங்குகிறவராக இருந்தாலும் அதுதான் நல்லது. நியூ ஜெர்சியில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, கல்லூரியில் குறிப்பிட்ட பொதுப் பாடங்களில் 30 கிரெடிட் முடித்தால் மாநிலம் டிப்ளோமா கொடுத்துவிடும். ஆங்கிலம் நன்றாக வந்துவிட்ட பிறகு யோசிக்க வேண்டியது அது.

நீங்கள் கடைசியில் கேட்ட அந்த “299 டாலர், இரண்டு வாரத்தில் ஆன்லைன் டிப்ளோமா” விளம்பரத்தைத் தொடவே வேண்டாம். இது போன்றவர்கள் மேல் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு மூடியிருக்கிறது, அடுத்த மாதம் வேறு பெயரில் முளைப்பார்கள். ஜிஇடியை வீட்டில் இருந்தே எழுதும் வசதி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அவர்களுடைய மாதிரித் தேர்வில் ‘தேறத் தயார்’ என்று பச்சை நிறத்தில் காட்டும் அளவுக்கு மதிப்பெண் எடுக்க வேண்டும், கேமரா வழியாக ஒருவர் கண்காணிப்பார். ஆன்லைனில் நடக்கும் நல்ல ஹைஸ்கூல்களும் உண்டு, சில பொது நூலகங்கள் வழியாக இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

பதிவு செய்யும் முன் பெயரைச் சரிபாருங்கள். பத்தாவது மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து இன்னொரு பெயர், கிரீன் கார்டில் கணவர் பெயர் சேர்ந்து மூன்றாவது பெயர் என்று நம் பெண்களுக்கு எப்போதும் இருக்கும். ஜிஇடி கணக்கில் போடும் பெயர், தேர்வு நாளில் காட்டும் அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. டிப்ளோமாவிலும் அதே பெயர்தான் வரும், நர்ஸிங் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் கேட்பார்கள். மார்க் ஷீட்டைப் பள்ளியில் காட்டுவதாக இருந்தால், இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் இப்போதே வாங்கி வையுங்கள். நிலைத் தேர்வின் முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள், எந்தப் பாடத்தை முதலில் எழுதலாம் என்று பார்ப்போம்.